முறை சொன்ன பிள்ளைகள்

இன்று படித்த பாடம் நாளைக்கு ஏன் மறந்துவிடுகிறது? ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து இதை அளந்தார். ஒரே நாளில் 68 முறை ஓதிக் கிடைத்த பயன், மூன்று நாட்களுக்குப் பிரித்து ஓதியபோது 38 முறையிலேயே கிடைத்தது என 1885ஆம் ஆண்டில் எழுதினார்.

நம் திண்ணைப் பள்ளிகள் இப்பழக்கத்தை முன்பே அறிந்திருந்தன. எண்சுவடியை நாள்தோறும் சட்டாம்பிள்ளை முன் முறை சொல்லியே பிள்ளைகள் கற்றனர். ஆனால் படிப்பில் ஊக்கம் உண்டாக்கக் கையாண்ட வழி வேறு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்பெல், 1823இல் அதை விவரித்துள்ளார். முதலில் வருபவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு ஆளுக்கு ஒன்று கூடும். (கடைசிப் பிள்ளையின் கதியை எண்ணிப் பாருங்கள்!)

இதில் அதிகம் அடிபடுபவன் சோம்பேறி என்று சொல்வதற்கில்லை. வீடு தொலைவில் உள்ளவனாகவும் இருக்கலாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். சிதறிக் கிடக்கும் அதன் சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அங்கே அந்தத் தூரத்தைக் குறைத்தன. விடுதிப் பிள்ளைகள் மாலையில் ஒன்றுகூடி நேற்றைய பாடத்தையும் முறை சொல்லலாம். காலையில் பிந்தி வரவும் வழியில்லை.