முறித்து வளர்க்கும் செடி

பேணுதல் என்னும் சொல்லுக்குக் காத்தல், ஓம்புதல் என்றே வகுப்பறையில் பொருள் சொல்லிப் பழகியவன் நான். இங்கிலாந்தின் ஹேசல் செடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின், அச்சொல்லுக்குள் அரிவாளுக்கும் இடமுண்டோ என்ற ஐயம் எழுந்தது. அச்செடியை மனிதர் வளர்த்த வரலாறு பெரும்பாலும் அதை வெட்டிய வரலாறே.

சாக்லேட் வழியாக நாம் அறிந்த ஹேசல் கொட்டை இப்புதரில்தான் காய்க்கிறது. வெட்டாமல் விட்டால் எண்பது ஆண்டுகளை ஒட்டி இது முதிர்ந்து சாயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் தரையொட்டி வெட்டினால், நம் கரும்பு மறுதாம்பு விடுவதுபோல் நேரான கழிகளாகத் தழைத்து நூற்றாண்டுகள் வாழும். சாமர்செட் சதுப்பு நிலத்தில் 1970இல் கண்டறியப்பட்ட 'ஸ்வீட் டிராக்' மரப்பாதை, கி.மு. 3807ஐ ஒட்டி அமைக்கப்பட்டதென மரவளையக் கணிப்பு காட்டுகிறது. அதன் பலகைகளைத் தாங்கிய முளைகளில் ஹேசல் கழிகளும் உண்டு. இம்முறையில் வெட்டித் தழையவிட்ட காட்டிலிருந்தே அத்தகைய நெடுங்கழிகள் வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர்.

கொட்டைக்காக வளர்த்த கென்ட் மாவட்டத்தாரின் முறை இன்னும் நுட்பமானது. 1830ஐ ஒட்டிப் பரவிய 'கென்டிஷ் காப்' வகையை அவர்கள் ஆளுயரத்துக்கு மிகாமல், நடுவே வெளிச்சம் புகும் கிண்ண வடிவில் வளர்த்தனர். அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளை அவ்வப்போது பிடுங்கினர். கோடையின் இறுதியில், அவ்வாண்டு கிளைத்த வலுவான தளிர்களைக் கையால் பாதியளவு முறித்து, வெட்டி எறியாமல் தொங்கவே விட்டனர். இதற்குப் 'பிரட்டிங்' என்று பெயர். முழுதும் வெட்டினால் செடி வீம்புக்கு மறுபடி கிளைக்கும். பாதி முறிந்த கிளையோ வளர்ச்சியடங்கி, அடுத்த ஆண்டுக்குரிய பூமொட்டுகளைக் கட்டும். இலையற்ற குளிர்காலத்தில் மஞ்சள் ஆண்பூச்சரங்கள் தொங்கும். மொட்டின் நுனியில் செவ்விழைகளாய் எட்டிப்பார்ப்பது பெண்பூ. காற்றே மகரந்தம் சுமக்கிறது. தன் மகரந்தத்தால் காய்க்காதாகையால் வேற்று வகையொன்றை அருகே நடவேண்டும்.

1913இல் ஏறத்தாழ 7,000 ஏக்கரில் இருந்த இத்தோப்புகள், 1990இல் 250 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. இறக்குமதியை மட்டும் குறைகூறுவது எளிது. கூலி உயர்ந்தபோது முதலில் கைவிடப்பட்டது கிளை கிளையாகச் செய்யவேண்டிய இந்தக் கைவேலை என்பதே என் எண்ணம். எந்தக் கிளையை, எவ்விடத்தில், எவ்வளவு முறிப்பது என்பது விரல்கள் அறிந்த கல்வி. ஆள் நின்றால் அதுவும் நின்றுபோகும். 1876இல் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட சாம்பல் அணில்கள் வேறு, கொட்டை முற்றுமுன்னரே தின்று தீர்க்கின்றன.

எஞ்சிய தோப்புகளின் விவசாயிகள் சங்கம் அமைத்துக்கொண்டனர். கவனிப்பாரின்றி ஓங்கி இருண்ட பழந்தோப்பை மீட்க, அவர்கள் முதலில் எடுப்பது ரம்பத்தைத்தான்.