தென்பெண்ணையில் வரும் காவிரி

மத்தூர்ப் பக்கத்துப் பழைய ஆட்களைக் கேட்டால் தென்பெண்ணையை மழைக்கால ஆறு என்றுதான் சொல்வார்கள். நந்தி மலையில் மழை பிடித்தால் வெள்ளம்; பங்குனியில் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். 1957இல் காமராசர் கிருஷ்ணகிரி அணையைத் திறந்தபோதும் கணக்கு அதுதான்: பெய்வதைத் தேக்கி நெல்லுக்கு விடுவது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து எங்கள் பாரூர் ஏரிக்கு வந்ததும் அந்த மழைத் தண்ணீர்தான்.

ஆற்றின் குணத்தை மாற்றியது காவிரி. 1974இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்து, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றி, பெங்களூருக்குத் தண்ணீர் வந்தது. பிறகு கட்டம் கட்டமாகக் கூடியது. அந்த ஊர் மேட்டின் மேல் இருக்கிறது. மேற்குச் சரிவின் சாக்கடை விருஷபாவதி வழியாகக் காவிரிக்கே திரும்பிவிடும். கிழக்குச் சரிவின் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுந்து, தட்சிண பினாகினியில், அதாவது நம் தென்பெண்ணையில் இறங்கும். குளிக்க, துவைக்க, கழுவ என்று எல்லாம் முடிந்த காவிரி, கொடியாளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. காவிரிக்காக இரண்டு மாநிலமும் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய காலத்தில், கேட்காமலே ஒரு பங்கு எங்களுக்கு வந்துகொண்டிருந்தது!

2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியில் நுரையே தீப்பிடித்தது ஊரறிந்த செய்தி. அதே தண்ணீர் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் தாண்டி விழும்போது பஞ்சுப் பொதியாகப் பொங்கும். நந்திமங்கலம் தரைப்பாலம் நுரையில் மூழ்கி, வண்டிகள் நின்றதும் உண்டு. பெங்களூரைத் திட்டுவது சுலபம். ஓசூர் தன் சாக்கடையை எங்கே விடுகிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் அந்தத் தண்ணீர் கோடையிலும் நிற்காமல் வந்தது. மண்டியில் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்குத் தெரியும்: சித்திரையில் விலை ஏறும் நேரத்தில் கொத்தமல்லித் தழை வைத்திருப்பவன்தான் கடனை அடைப்பான். நுரையைப் பழித்தவனே ஆற்றில் மோட்டாரையும் போட்டான். இதைக் குற்றமாக நான் எழுதவில்லை.

கொத்தமல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டி, மண் போகப் பக்கத்து வாய்க்காலிலோ குட்டையிலோ முக்கி எடுத்து, ஈரச் சாக்குப் போட்டு வண்டி ஏற்றுவார்கள். போர் தண்ணீரில் விளைந்த நல்ல தழையாகவே இருக்கட்டும், கடைசியில் முக்கிய குட்டை எது என்பதுதான் விஷயம். கிருமியும் நாக்குப்பூச்சி முட்டையும் அங்கேதான் ஒட்டும். அதிலும் இது பச்சையாகக் கிள்ளிப் போடும் தழை. வேகவைத்தால் சாகும் கிருமி இதில் சாகாது. பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரில் 100 மில்லிக்கு 1,000 மலக் கிருமிகளுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் வரம்பு வைத்தது. சிலியின் சாண்டியாகோவில் 1991இல் காலரா வந்தபோது, சாக்கடைத் தண்ணீரில் இப்படிப்பட்ட காய்கறி போடுவதை அரசு நிறுத்தியது. அதுவரை ஊரை விடாமல் பிடித்திருந்த டைபாய்டும் அதோடு இறங்கிவிட்டது.

சாக்கடைத் தண்ணீரில் வரும் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களின் கதை வேறு. அவை வேர் வழியாக ஏறும். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. கீரையிலும் தழையிலும் சேரும் அளவுக்குத் தக்காளியில் சேராது. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன அரிசியில் ஏறிய காட்மியம் எலும்பை முறிக்கும் நோயாக வெளிப்பட்டது. சுரங்கக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல்.

கிருமிக்காவது ஒரு வழி உண்டு: அறுவடைக்குச் சில நாள் முன்னால் பாசனத்தை நிறுத்தினால் இலைமேல் இருக்கும் கிருமி வெயிலில் பெரும்பாலும் செத்துவிடும் என்கிறார்கள். ஆற்றோரத்து விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நாலு நாள் தண்ணி விடலைன்னா தழை தொங்கிடும்ணா. தொங்கின கட்டுக்கு உங்க மண்டியில என்ன விலை போடுவீங்க?" என்று கேட்டார். பாதி விலை. நானே எழுதியிருக்கிறேன்.