வரி கேட்டவரே போலீஸ்

1850-களுக்குப் போவோம். மெட்ராஸ் மாகாணத்துல ஒரு கிராமம். உங்களால நிலவரி கட்ட முடியல. தாசில்தாரோட ஆட்கள் வந்து, ரெண்டு குச்சியைச் சேர்த்துக் கட்டின 'கிட்டி'க்குள்ள உங்க விரலை வச்சு நசுக்குறாங்க. போலீஸ்ல புகார் கொடுக்கலாம்தானே? அங்கதான் சிக்கல். 1816 சட்டப்படி, தாலுகா போலீஸுக்கும் தலைவர் அதே தாசில்தார்தான்!

மெட்ராஸ் வியாபாரி கஜுலு லட்சுமிநரசு செட்டி இதைச் சும்மா விடல. இங்க வந்த பிரிட்டிஷ் எம்.பி. டான்பி சீமோரை மாவட்டங்களுக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். 1854-ல விஷயம் லண்டன் பார்லிமென்ட்ல வெடிச்சது. மூணு பேர் கமிஷன் போட்டாங்க. அதுல ஒரு இந்தியர்கூட இல்ல. ஆனாலும் ஆயிரத்துக்கும் மேல புகார்கள் குவிஞ்சுது.

1855 அறிக்கை ஒத்துக்கிட்டது: வரி வசூலுக்கும், குற்றத்தை ஒத்துக்க வைக்கவும் சித்திரவதை நடந்தது உண்மை. 1859-ல போலீஸ் தனித் துறை ஆச்சு.

ஆனா பழி முழுக்க கீழ்மட்ட இந்திய ஊழியர்கள் மேல. வெள்ளைக்கார அதிகாரிகள் சுத்தமானவங்கன்னு அதே அறிக்கை சொல்லிடுச்சு. சரி, கிட்டி போட்டு வாங்கின வரி யாரோட கஜானாவுக்குப் போச்சு? அந்தக் கேள்வியோட இந்த எபிசோடை முடிச்சுக்கறேன்.