கழுவாய் தேடும் கொலைஞன்: ‘தி கில்லர்’, ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’

ஜான் வூ எழுதி இயக்கிய ‘தி கில்லர்’ 1989-இல் ஹாங்காங்கில் வெளிவந்த காண்டனீஸ் படம். கூலிக்குக் கொலை செய்யும் ஆ ஜோங் (சவ் யுன் ஃபட்) இரவு விடுதியொன்றில் ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கும்போது, அங்கு பாடிக்கொண்டிருந்த ஜென்னியின் கண்கள் துப்பாக்கி நெருப்பில் பழுதாகின்றன. அவளுடைய சிகிச்சைக்குப் பணம் சேர்க்க அவன் மேலும் ஒரு கொலைக்கு இசைகிறான். ஒரு பாவத்தைக் கழுவ இன்னொரு பாவம் என்ற இந்த முடிச்சில்தான் கதை முழுவதும் தொங்குகிறது.

வெண்புறாக்கள், மெழுகுவத்திகள், தேவாலயம் ஆகியவற்றைக் கொண்டு இதைக் கிறித்தவ மீட்பின் கதையாகப் படிப்பது வழக்கம். ஜான் வூவின் கிறித்தவ வளர்ப்பும் அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் முடிவு அந்த வாசிப்புக்கு இடம் தரவில்லை. இறுதி மோதலில் மாதாவின் சிலை வெடித்துச் சிதறுகிறது. தான் இறந்தால் தன் விழிகளை ஜென்னிக்குக் கொடுக்கும்படி சொல்லிவைத்த ஆ ஜோங்கின் கண்களே குண்டுக்கு இரையாகின்றன. பார்வையற்ற இருவரும் தரையில் ஊர்ந்து ஒருவரையொருவர் தேடி, தொடாமலேயே கடந்துபோகிறார்கள்.

படத்தில் நிறைவேறும் கழுவாய் வேறொருவனுடையது. ஆ ஜோங்கின் நண்பன் ஃபங் சேய் முதலாளியின் கட்டளைக்குப் பணிந்து அவனைக் கொல்லத் துணிகிறான். ஆ ஜோங் அவனை உயிரோடு விடுகிறான். பின்னர் சேய் தனியே சென்று, நண்பனுக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டு, குற்றுயிராகும்வரை அடிபட்டு, பணத்தோடு திரும்பி வந்து இறக்கிறான். தமிழ் வாசகருக்கு இங்கே புறநானூற்றின் 34-ஆம் பாடல் நினைவுக்கு வரும். கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்பது அதில் ஆலத்தூர் கிழார் காட்டும் அறம். திருக்குறளின் 110-ஆம் குறளும் அதையே சொல்கிறது. ‘தி கில்லர்’ படத்தின் நீதியும் ஏறக்குறைய இதுவே: எண்ணற்ற உயிர்கள் வீழ்வதைக் கணக்கில் வைக்காத கதை, ஒரேயொரு துரோகத்தை மட்டும் உயிரைக் கொடுத்துத் தீர்க்க வைக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஷா சகோதரர்களின் ஹாங்காங் படப்பிடிப்பு நிலையத்தில் இயக்குநர் சாங் சேயிடம் உதவி இயக்குநராக இருந்த ஜான் வூ, வாள்வீரர் படங்களின் நட்பறத்தைத் துப்பாக்கிக் காலத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

ஷா சகோதரர்களின் தொழில் 1920-களிலேயே சிங்கப்பூரில் வேரூன்றியது. பாலஸ்டியர் வட்டாரத்தின் ஜாலான் அம்பாஸில் அவர்கள் எடுத்த மலாய்ப் படங்களை எல். கிருஷ்ணன் போன்ற தமிழர்களும் இயக்கினார்கள். அந்தச் சிங்கப்பூரில் 1979-இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின், ஹாங்காங் படங்கள் பொதுவாக மாண்டரின் குரலில்தான் திரையேறின. சீனர்களில் ஹொக்கியன், தியோச்சிவ் பிரிவினருக்கு அடுத்த பெரிய பிரிவினர் காண்டனீஸ் மக்கள். அவர்கள் வீட்டு மொழி திரையரங்கில் ஒலிக்கவில்லை. ஆட்சிமொழிகளுள் ஒன்றான தமிழின் நிலை வேறு. திரையரங்குகளில் தமிழ்ப் படங்கள் தம் சொந்தக் குரலிலேயே பேசின.

இந்த வேறுபாடு படத்தின் மிகச் சிறந்த காட்சியைத் தொடுகிறது. ஜென்னியின் வீட்டில் ஆ ஜோங்கும் காவல் ஆய்வாளர் லீ யிங்கும் ஒருவர்மீது ஒருவர் துப்பாக்கி நீட்டியபடி, பார்வை மங்கிய அவளுக்காகப் பால்ய நண்பர்களைப் போல விளையாட்டுப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். அவள் குரல்களைக் கேட்கிறாள், துப்பாக்கிகளைக் காணவில்லை. மாண்டரின் பதிப்பின் பார்வையாளர் துப்பாக்கிகளைக் காண்கிறார். அந்தக் குரல்களின் வீட்டுநெருக்கம் அவருக்குக் கிட்டுவதில்லை. அப்படியும் காட்சி உயிர்ப்போடு நிற்பதற்குக் காரணம் அதன் நடன ஒழுங்கு. நின்று நிதானித்துச் சுழலும் உடல்களும் சமமாக நீளும் இரு கைகளும் பகைவரின் மதிப்பை மொழியின்றியே சொல்லிவிடுகின்றன. பகட்டு எனப் பழிக்கப்படும் இந்த அலங்கார நடைதான் படத்தின் அறமொழி.

மிஷ்கின் இயக்கிய தமிழ்ப் படம் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) இதே முடிச்சை எடுத்து எதிர்த்திசையில் அவிழ்க்கிறது. ஒரு நிரபராதி இளைஞனைத் தவறுதலாகக் கொன்ற கூலிக் கொலைஞன் ‘ஓநாய்’, அவனுடைய பார்வையற்ற குடும்பத்தைக் காக்கும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். இங்கே நட்பறம் பின்னே போய்விடுகிறது. பறித்த ஓர் உயிரே தீராத கடனாகிறது. கண்பார்வையைப் பணத்தால் மீட்கும் திட்டம் எதுவும் இல்லை. கூடவே இருந்து காப்பது ஒன்றே வழி. இளையராஜாவின் பின்னணி இசை நிறைந்த இப்படத்தில் பாடல்கள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஓநாய் தன் குற்றத்தை, பார்வையற்ற சிறுமி கார்த்தியிடம் விலங்குக் கதையாகச் சொல்கிறான். காமிரா அவன் முகத்தை விட்டு நகராமல் நிற்கிறது. ஆ ஜோங்கும் ஜென்னியும் கடைசிவரை எட்டாத அந்த அருகாமை, ஓநாய்க்கு ஒரு குழந்தை கேட்கும் கதையின் நேரம் அளவுக்குக் கிடைக்கிறது.