வில்லங்கச் சான்றில் தெரியாத பஞ்சமி நிலம்

அடுக்குமாடி வீடு வாங்குவோர் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் பார்த்துவிட்டு, அடிமனை குற்றமற்றது என்று நிம்மதி கொள்கின்றனர். ஆனால் பழைய 'அ' பதிவேட்டைப் புரட்டினால், அதே சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு வெளிப்படக்கூடும். பஞ்சமி நிலம் என்பதன் வருவாய்த்துறைப் பெயர் அது.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 பிறந்தது. ஒப்படை பெற்றவர் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கலாகாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு இழப்பீடின்றி மீட்கும். சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டது என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் கணக்கு. அந்நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாயினர்.

வில்லங்கச் சான்று ஏன் இதைக் காட்டுவதில்லை? அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. ஒப்படையோ வருவாய்த்துறையின் ஆணை. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. பட்டாவும் உரிமைமூலம் ஆகாது. எனவே 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும், நிலவரித் திட்டப் பதிவேட்டையும் சான்றிட்ட நகலாகப் பெற வேண்டும் என்றே நாம் வலியுறுத்துகிறோம். இப்போதைய சர்வே எண்ணைப் பழைய எண்ணுடன் பொருத்திப் பார்க்காத சோதனை வீண். வட்டாட்சியர் அலுவலகம் தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மணமேல்குடியில் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும் முன் இக்கடலோரப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, சமஸ்தானத்தில் அன்று. ஆகவே சென்னை மாகாணத்தின் அரசாணை இங்கு செல்லும். பழைய பதிவுகளைத் தஞ்சாவூர் வரையிலும் தேட நேரிடலாம். (புதுக்கோட்டைக்கு மட்டும் மனுப் போட்டுவிட்டு 'பதிவு இல்லை' என்ற பதிலோடு ஓய்ந்தவர்களை நாம் அறிவோம்.)

'நான் அறியாமல் வாங்கினேன்' என்ற வாதம் எடுபடுமா? கர்நாடகச் சட்டம் குறித்த மஞ்சேகவுடா வழக்கில், 1984இல் உச்ச நீதிமன்றம், நிபந்தனையை மீறி வாங்கியவருக்குக் கிடைப்பது ரத்தாகக்கூடிய உரிமையே என்றது. வீடு வாங்கியவருக்கு ஒரு வழி உண்டு: 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 18(2). நிலவுரிமைக் குறைபாட்டால் நேரும் இழப்பைக் கட்டுமான நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும். இதற்குக் காலவரம்புத் தடையில்லை. நிலத்தை இழந்த ஒப்படைதாரரின் வாரிசுகளைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.