சுமையாவின் மகன்

அரபு மரபில் ஒருவரை அறிமுகம் செய்வதென்றால் இன்னாரின் மகன் இன்னார் என்று 'இப்னு' என்ற சொல்லால் கோத்துக்கொண்டே பல தலைமுறை மேலேறுவார்கள். அந்தச் சங்கிலியில் பெரும்பாலும் ஆண்களே கண்ணிகள். நபித்தோழர் அம்மாரின் பெயரும் 'அம்மார் இப்னு யாசிர்' என்றே பதிவாகியிருக்கிறது. யாசிர் யமனைச் சேர்ந்தவர். தொலைந்துபோன சகோதரரைத் தேடி மக்காவுக்கு வந்து அங்கேயே தங்கியவர். குறைஷியரில் மக்ஸூம் கிளையைச் சேர்ந்த அபூ ஹுதைஃபா அவருக்கு ஆதரவளித்து, தன் அடிமைப் பெண்ணான சுமையாவை மணமுடித்துவைத்தார்.

யாசிரின் முன்னோர் பெயர்களை வரிசையாக அடுக்கும் வரலாற்று நூல்கள், சுமையாவுக்குத் தந்தை பெயரோடு நின்றுவிடுகின்றன. அதுவும் கப்பாத்தா, கய்யாத்தா என்று நூலுக்கு நூல் மாறுகிறது. அரபு எழுத்தில் ஒரு புள்ளி கூடினால் அந்தப் பெயர் மாறிவிடும்.

அம்மார் பிறந்ததும் அபூ ஹுதைஃபா குழந்தையை விடுதலை செய்தார் என்கிறார்கள். சுதந்திரமான தகப்பனுக்குப் பிறந்த குழந்தையை ஏன் விடுதலை செய்ய வேண்டும்? அடிமைப் பெண்ணின் பிள்ளை அவளுடைய எசமானனுக்கே உரியது என்பது அன்றைய வழக்கம். குலப்பெயர் தகப்பன் வழியாக வந்தது, அடிமைத்தனம் தாய் வழியாக வந்தது.

இஸ்லாத்தை வெளிப்படையாக அறிவித்த முதல் ஏழு பேரில் சுமையாவும் ஒருவர் என்று ஒரு பழைய அறிவிப்பு உண்டு. நபிகளுக்கு அரணாக அவருடைய பெரியதந்தை அபூதாலிப் இருந்தார். சுமையாவுக்காகக் கேள்வி கேட்க மக்காவில் ஒரு குலமும் இல்லை. முதிய வயதில் அவரைச் சுடுமணலில் நிறுத்தி வதைத்தார்கள். அவர் பணியவில்லை. மக்ஸூம் தலைவன் அபூஜஹ்ல் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றான். இஸ்லாத்தின் முதல் ஷஹீத் அவர்தான் என்பது மரபு. 624இல் பத்ருப் போரில் அபூஜஹ்ல் மாண்டபோது, உன் தாயைக் கொன்றவனை இறைவன் கொன்றுவிட்டான் என்று நபிகள் அம்மாரிடம் சொன்னதாகப் பதிவு உள்ளது.

அம்மாரை நபிகள் 'இப்னு சுமையா' என்றும் அழைத்திருக்கிறார். வரம்பு மீறிய ஒரு கூட்டம் அவரைக் கொல்லும் என்றும் முன்னறிவித்தார். 657இல் ஸிஃப்பீன் போரில், அலீயின் பக்கம் நின்ற அம்மார் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் கொல்லப்பட்டார். எந்தப் பக்கம் நியாயம் என்ற வாதத்தில் சுமையாவின் மகனைப் பற்றிய அந்தச் சொல்லே சாட்சியாக நின்றது.

அதே காலத்தில் இன்னொரு 'இப்னு சுமையா'வும் இருந்தார். ஈராக்கை ஆண்ட ஸியாத். அவருடைய தாய் தாயிஃப் நகரத்து அடிமைப் பெண், பெயர் சுமையா. தகப்பன் யார் என்பதில் தகராறு இருந்ததால், அவரைத் தாயின் பெயரால் அழைப்பது வசை. 665இல் கலீஃபா முஆவியா அவரைத் தன் தந்தை அபூசுஃப்யானின் மகன் என்று அறிவித்து அந்த வசையைத் துடைக்க முயன்றார். ஸியாத்துக்குத் தகப்பன் கிடைத்தார். தாயிஃபின் சுமையாவுக்கு அதனால் எதுவும் மாறவில்லை. பிற்காலத்தில் இப்னு குதைபா இரண்டு சுமையாக்களையும் ஒருவராகவே எழுதிவிட்டார். அது பிழை என்று இப்னு அப்துல் பர் திருத்த வேண்டியிருந்தது.

இருவரும் அடிமைப் பெண்கள், பெயரும் ஒன்றே. ஒரு மகனுக்கு அது பெருமை, இன்னொரு மகனுக்கு இழிவு. தாயின் பெயரில் இயல்பாக இழிவு ஏதுமில்லை என்பதற்கு அம்மாரை அழைத்த விதமே சான்று. வம்சாவளிகளைப் படிக்கும்போது, எந்தப் பெண்ணின் பெயர் எதற்காக உள்ளே வந்தது, எதற்காக வெளியே தள்ளப்பட்டது என்று நாம் கேட்டாக வேண்டும்.