கூரைமேல் குடியிருந்த குறும்பன்

ஸ்வீடன் தேசத்தில் விம்மெர்பி என்னும் சிற்றூரை அடுத்த நேஸ் பண்ணையில், ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும் சூழ, மரமேறியும் ஓடியாடியும் ஆனந்தமாக வளர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் அம்மையார், தனிமையில் வாடும் குழந்தைகளையே தம் கதைகளில் மீண்டும் மீண்டும் படைத்ததற்குக் காரணத்தை அவருடைய பால்யத்தில் தேடிப் பயனில்லை. 1926 டிசம்பரில், விவாகமாகாத பத்தொன்பது வயதுப் பெண்ணாகக் கோபன்ஹேகனில் ஒரு மகனைப் பெற்று, அவனை அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்டாக்ஹோமில் காரியாலய வேலை பார்த்துக்கொண்டு, பணமும் அவகாசமும் வாய்த்தபோதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்துத் திரும்பிய அந்தச் சில ஆண்டுகளின் வேதனையே பின்னாளில் அவர் எழுத்தில் ஊறிற்று என்று நான் கருதுகிறேன்.

1949இல் வெளிவந்த அவருடைய கதைத் தொகுதியில், பெற்றோர் இருவரும் ஆலைக்குப் போய்விட, சகோதரியையும் மரணத்துக்குப் பறிகொடுத்துவிட்டுப் பகல் முழுதும் தனித்திருக்கும் பெர்டில் என்ற சிறுவனை நாம் சந்திக்கிறோம். அவன் கட்டிலடியில், ஓர் எலியிடம் வாடகைக்கு அறை பிடித்துக் குடியிருக்கிறான் கட்டைவிரலளவே உள்ள நில்ஸ் கார்ல்சன். மந்திரச் சொல்லால் தானும் அவ்வளவாகச் சுருங்கி அந்த அறைக்குள் புகும் பெர்டில், எரிந்த தீக்குச்சிகளை விறகாகக் கொண்டுவந்து அவனுடைய அடுப்பை மூட்டிக் குளிரைப் போக்குகிறான். அதே தொகுதியின் மற்றொரு கதையில், நடக்கவியலாமல் படுக்கையிற் கிடக்கும் யோரான் என்ற பையனை, அந்திப் பொழுதில் ஜன்னல் வழியே வரும் லில்யோன்க்வாஸ்ட் என்ற சின்னஞ்சிறு மனிதர் நகரத்தின்மேல் பறக்க அழைத்துப் போகிறார்.

இவர்கள் சாந்த சொரூபிகள். ஆனால் 1955இல் தோன்றிய கார்ல்சனோ, முதுகில் சுழல்விசிறியும் வயிற்றில் அதை முடுக்கும் பொத்தானும் கொண்டு, புகைபோக்கிக்குப் பின்னால் கூரைமேல் தனிவீடு கட்டிக்கொண்டு வாழும் பருத்த குள்ளன்; தற்புகழ்ச்சிக்காரன், பெருந்தீனிக்காரன், பொய்யன். வீட்டின் கடைக்குட்டியும், நாயொன்றுக்காக ஏங்குபவனுமான லில்லேப்ரூரிடம் வந்த முதல் நாளே, அவனுடைய விளையாட்டு நீராவி யந்திரத்தை ஓட்டுவதில் தன்னை விஞ்ச ஆளில்லையென்று மார்தட்டி, அதை வெடிக்கவைத்து, ஜன்னல் வழியே பறந்தோடிவிடுகிறான். கருகிய புத்தகப் பலகைக்குப் பதில் சொல்லவேண்டியவன் பையன், அவன் சொல்லும் உண்மையை நம்புவார் எவருமில்லை. பிறகொரு நாள் ஜுரமென்று பாசாங்கு செய்து, அவனுடைய உண்டியலிலிருந்த காசையெல்லாம் தின்பண்டமாக்கி விழுங்குகிறான். இத்தனைக்கும் லில்லேப்ரூர் அவனை நேசிக்கிறான்! அம்மையாரின் கலை இங்கேதான் முதிர்ந்தது என்பது என் துணிபு. தேறுதல் பெறும் குழந்தை என்றும் பெறுபவனாகவே நிற்கிறது. பிறன் பிழையைப் பொறுக்கும் குழந்தையோ கொடுப்பவனாகிறது. இக்குறும்பனுக்குச் சித்திர வடிவம் தந்த இலோன் விக்லாண்ட், 1944இல் யுத்தத்துக்குத் தப்பி, பெற்றோர் துணையின்றிப் பதினான்கு வயதில் எஸ்தோனியாவிலிருந்து ஸ்வீடனுக்கு வந்த அகதி என்பதும் நினைக்கத்தக்கது.

1957இல் லிலியன்னா லுங்கினா ருஷ்ய மொழியில் பெயர்த்த பிறகு, கார்ல்சன் சோவியத் குழந்தைகளின் சொத்தாகிவிட்டான். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் மாலைவரை வீட்டில் தனித்திருந்த பிள்ளைகள் அங்கே எண்ணிறந்தோர். அவர்களுக்கு இக்கதை அந்நிய தேசத்துக் கதையாகவே தோன்றியிராது. 1968இல் போரிஸ் ஸ்தெபான்த்ஸெவ் இயக்கிய சித்திரப் படத்தில், வசீலி லிவானவின் குரலில் பேசிய கார்ல்சன், தன் முரட்டுத்தனத்தில் பெரும்பகுதியை இழந்து, பையனின் துயரம் தீர்ப்பவனாக இளகிவிட்டான். அப்படம் எனக்கும் மிகப் பிரியமானதே. ஆயினும் அதன் முடிவை நான் ஏற்பதற்கில்லை. பிறந்தநாளன்று பையனுக்கு நாய்க்குட்டி கிடைத்ததும், இனித் தனக்கு அங்கே இடமில்லையென்று மனம் நொந்து கார்ல்சன் பறந்துபோய்விடுகிறான். அவனைத் திரும்ப அழைத்துவர 1970இல் இரண்டாவது படம் வேண்டியிருந்தது. அம்மையாரின் நூலிலோ, பிம்போ என்ற நாய் வந்த அந்தப் பிறந்தநாளில்தான் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கார்ல்சனை முதன்முதலாகக் கண்ணாற் காண்கிறார்கள். அவன் எங்கும் போய்விடாமல், விருந்துக்கு வந்தவனாய் உட்கார்ந்து, பலகாரத்தை ஒரு கை பார்க்கிறான்.